மீட் பாதிரியாரும் ஓலைக்கூரைப் பள்ளியும்

2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஓர் உண்மையை நமக்குச் சொல்லிற்று. தமிழ்நாட்டில் எழுத்தறிந்தவர் விகிதம் மிகுந்த மாவட்டம் கன்னியாகுமரி. அங்கே நூற்றுக்கு 91.75 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். மாநிலம் முழுவதற்கும் எடுத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு 80.09 தான்.

குமரித் தோழர்கள் இதை மேடைகளில் பெருமையோடு எடுத்துச் சொல்கிறார்கள். சொல்லட்டும், சொல்ல வேண்டியதுதான். ஆனால் இந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டாமா? நாஞ்சில் நாட்டுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பழையாற்றுத் தண்ணீர் உண்டு. அதனால் நெல் விளையும், வாழை விளையும், தென்னை காய்க்கும். எழுத்து விளையுமா? எழுத்தை யாரோ விதைத்திருக்க வேண்டும். விதைத்தவர்கள் பலர். அவர்களுள் ஒருவரின் வாழ்க்கையை இன்று நம் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் சார்லஸ் மீட்.

பாதிரியாரின் கதை நமக்கு எதற்கு என்று சிலர் முகத்தைச் சுளிக்கக் கூடும். நாம் மதம் பேச வரவில்லை. அவர் மதத்தைப் பரப்பத்தான் கப்பலேறினார் என்பது நமக்குத் தெரியும். வெள்ளை ஆட்சியின் செல்வாக்கு அவருக்கு முதுகுத் துணையாக நின்றது என்பதும் தெரியும். இரண்டையும் மறைக்காமலே சொல்வோம். ஆனால் அரசாங்கப் பள்ளிக்கூடம் யாருக்கு, அதைச் சீர்ப்படுத்துவது என்றால் என்ன என்ற கேள்விக்கு இவர் வாழ்க்கையைப் போல் விளக்கமான பாடம் நம் பக்கத்தில் வேறு அதிகமில்லை.

அந்நாள் நிலை

இருநூறு ஆண்டுகளுக்கு முன் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய பகுதிகள் திருவாங்கூர் சமஸ்தானத்தில் அடங்கியிருந்தன. அந்த ஆட்சியின் கீழ்ப் பனையேறி வாழ்ந்தவனும் வயலில் உழைத்தவனும் பட்ட பாடு கொஞ்சமல்ல. தலைக்கு வரி உண்டு. கூலியில்லாத ஊழிய வேலை உண்டு. பெண்கள் மார்பை மூடத் தடை உண்டு. இவற்றுக்கும் கீழே, ஆடுமாடு போல் விற்கப்பட்ட அடிமைகள் இருந்தார்கள். 1836-ம் ஆண்டு எடுத்த கணக்கின்படி சமஸ்தானத்து மக்கள் 12,80,668 பேர். அவர்களில் அடிமைகள் 1,64,864 பேர். ஏறக்குறைய எட்டுப் பேரில் ஒருவர் இன்னொருவருடைய சொத்து!

பள்ளிக்கூடமே இல்லையா? இருந்தது. திண்ணையில் இருந்தது. ஆசான் உட்கார்ந்திருப்பார், பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலையும் எழுத்தாணியும் பிடிப்பார்கள். நெடுங்கணக்கு, எண்சுவடி, நீதிநூல் எல்லாம் மனப்பாடம். அந்தத் திண்ணையில் யார் பிள்ளை உட்காரலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. நிலமுடையவன் பிள்ளை உட்காரலாம். அந்த நிலத்தில் சேறு மிதித்தவன் பிள்ளை தெருப்பக்கமே வரக் கூடாது. பெண்பிள்ளையோ, உயர்ந்த சாதி என்று சொல்லிக் கொண்டவர்கள் வீட்டில்கூட, திண்ணைக்கு வந்ததில்லை. படிப்பு கோயிலில் ஆடும் பெண்களுக்குத்தான் என்று ஊரே நம்பிக் கொண்டிருந்த காலம்.

இதற்கிடையில் ஓர் அதிசயமும் நடந்தது. 1817-ம் ஆண்டு ராணி கௌரி பார்வதிபாய் ஓர் உத்தரவு பிறப்பித்தார். மக்களுக்குக் கல்வி கொடுக்கும் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியாவில் வேறெங்கும் அரசர்கள் நினைத்துப் பார்க்காத நாளில் எழுந்த எண்ணம் அது. அதைப் போற்றத்தான் வேண்டும். ஆனால் உத்தரவு ஏட்டில் இருந்தது. பனங்காட்டுக் குடிசையில் பிறந்த பிள்ளையோ பனங்காட்டிலேயே இருந்தது. அரசு பணம் கொடுத்த பள்ளியிலும் வாசலில் சாதிதான் காவல் நின்றது.

மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு

மீட் வருவதற்கு முன்பே விதை ஊன்றப்பட்டிருந்தது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம் என்பவர் தஞ்சைக்குப் போய்ப் புதிய மதத்தைத் தெரிந்து கொண்டு, தம் ஊருக்கு ஒரு பாதிரியாரை வேண்டினார். அதன் பயனாக ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர் 1806-ல் திருவாங்கூருக்கு வந்தார். மயிலாடியில் 1809-ல் ஆலயமும் பள்ளியும் எழுப்பினார். பத்தாண்டு உழைத்து, உடல் நலிந்து, 1816-ல் கப்பலேறியவரை அதன்பின் யாரும் காணவில்லை.

அவர் விட்ட இடத்தில் தொட்டவர்தான் மீட். 1792-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் 1816-ல் கப்பலேறினார். திருவாங்கூர் வந்து சேருமுன்பே மனைவியைப் பறிகொடுத்தார். 1817 முடிந்து 1818 பிறக்கும் வேளையில் குமரி மண்ணில் கால் வைத்தார். வயது இருபத்தைந்துதான்.

அப்போது சமஸ்தானத்தில் கர்னல் மன்றோ பிரிட்டிஷ் ரெசிடெண்ட். கொஞ்ச காலம் திவானாகவும் இருந்து ஆண்டவர். அவர் சொல்லுக்கு அரண்மனையில் மறுசொல் கிடையாது. அவர் முயற்சியால் நாகர்கோவிலில் மீட்டுக்கு ஒரு பங்களா கிடைத்தது. பள்ளி நடத்த வயல் வாங்க ராணியார் 5,000 ரூபாய் கொடுத்தார். அதுமட்டுமா? நாகர்கோவில் கோர்ட்டில் மீட்டை நீதிபதியாகவே உட்கார வைத்துவிட்டார்கள்!

பாதிரியார் நீதிபதியானால் என்ன ஆகும்? வழக்கு உள்ளவனெல்லாம் அவர் பின்னால் வருவான். வந்தார்கள். ஏழைகளுக்கு முதல் முறையாக நியாயம் கிடைத்தது என்பது உண்மை. ஆனால் பதவியைக் காட்டி மதத்தில் ஆள் சேர்ப்பதா என்ற பேச்சும் எழுந்தது. அந்தப் பேச்சில் நியாயமில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். ஓராண்டு அளவில் மீட் அந்த நாற்காலியை விட்டு இறங்கினார். கோர்ட்டு நாற்காலி போனது, பள்ளிக்கூடம் நின்றது. நிலைக்கக் கூடியது எது என்று இதிலேயே தெரிகிறதல்லவா?

நான்கு காரியங்கள்

நாகர்கோவிலைத் தலைமையிடமாக வைத்துக் கொண்டு மீட் செய்த காரியங்கள் நான்கு. ஒவ்வொன்றும் இன்றைக்கும் பள்ளிச் சீர்திருத்தம் பேசுகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியவை.

முதலாவது, ஊர்ப் பள்ளி. ஓலைக்கூரை வேய்ந்த கொட்டகை ஒன்று எழும்பும். ஞாயிற்றுக்கிழமை அது ஆலயம். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம். உபதேசியாரோ அவர் துணைவரோ வாத்தியார். பிள்ளைகள் நடந்து வரக் கூடிய தொலைவில் பள்ளி இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. படிப்பைத் தேடிப் பிள்ளை ஊர் ஊராகப் போக வேண்டியதில்லை. படிப்பு பனங்காட்டுக்கே நடந்து வந்தது.

இரண்டாவது, வாத்தியாரை உண்டாக்கும் பள்ளி. கொட்டகை கட்டினால் போதுமா? உள்ளே நின்று சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டாமா? சீமையிலிருந்து எத்தனை பேரை வரவழைக்க முடியும்? இந்த மண்ணிலேயே ஆசிரியர்களை உண்டாக்க நாகர்கோவிலில் ஒரு செமினரி எழுந்தது. ஆங்கிலமும் தமிழும் அங்கே கற்பித்தார்கள். அந்தச் சிறு பள்ளிதான் வளர்ந்து 1893-ல் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாயிற்று. வகுப்பில் உட்கார அருகதையில்லை என்று விரட்டப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள், பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் கையில் பிரம்போடும் புத்தகத்தோடும் வாத்தியாராக நின்றார்கள். இதைவிடப் பெரிய புரட்சி வேறென்ன?

மூன்றாவது, அச்சுக்கூடம். 1820-ஐ ஒட்டி நாகர்கோவிலில் மீட் அமைத்த அச்சகமே திருவாங்கூர் சமஸ்தானத்தின் முதல் அச்சகம். ஓலைச்சுவடி ஒருவர் கையில் இருந்தால் மற்றவர் கையில் இருக்காது. அச்சடித்த தாள் அப்படியா? ஒரே பாடத்தை நூறு பிள்ளைகளின் கையில் கொடுக்கலாம். எழுத்து ஒரு சிலருடைய குடும்பச் சொத்து என்ற நிலையை முதலில் உடைத்தது ஈய அச்செழுத்துதான்.

நான்காவது, பெண் கல்வி. மீட் தஞ்சையில் பணியாற்றிய ஹார்ஸ்ட் பாதிரியாரின் மகள் ஜோஹன்னாவை மறுமணம் செய்து கொண்டார். அந்த அம்மையாரும், 1819-ன் இறுதியில் வந்து சேர்ந்த மால்ட் பாதிரியாரின் துணைவி மார்த்தாவும் பெண்பிள்ளைகளுக்கென்று பள்ளி நடத்தினார்கள். நாகர்கோவில் டதி பெண்கள் பள்ளியின் வேர் அங்கேதான் இருக்கிறது. பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப யாரும் முன்வராத நாள் அது. வீடு வீடாகப் போய்க் கெஞ்சிப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். சோறு போட்டுத் தங்க வைத்துக் கற்பித்தார்கள். மார்த்தா அம்மையார் லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அடிமைக் குடும்பத்துப் பெண்கள் அந்தப் பின்னல் வேலையில் கிடைத்த காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் கற்ற கைத்தொழில் விலங்கை அறுத்த கதை இது. தொழிலாளத் தோழர்கள் இதை மறக்கக் கூடாது.

எரிந்த கூரைகள்

இத்தனையும் நடக்கும்போது ஆதிக்கக்காரர்கள் கையைக் கட்டிக் கொண்டு இருப்பார்களா? பள்ளிக்கு வந்த பெண்கள் குப்பாயம் அணிந்தார்கள். அந்த ஒரு முழத் துணிதான் சமஸ்தானத்தையே ஆட்டி வைத்தது. 1822-ஐ ஒட்டி முதல் கலவரம். சந்தையிலும் தெருவிலும் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. மீட் கோர்ட்டுக்குப் போனார். 1823-ல் பத்மநாபபுரம் கோர்ட்டு குப்பாயம் அணிய உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பு வந்ததும் ஓய்ந்ததா? இல்லை. 1828-ல் மறுபடியும் மூண்டது. இம்முறை ஆத்திரம் பள்ளிக்கூடங்களின் மேல் பாய்ந்தது. ஓலைக்கூரைகள் எரிந்தன, புத்தகங்கள் தெருவில் வீசப்பட்டன. 1829 பிப்ரவரியில் அரசு வெளியிட்ட பிரகடனமோ பெண்களின் மேல்சீலை உரிமையை மறுத்தது. போராட்டம் விட்டு விட்டு நடந்து, கடைசியில் 1859 ஜூலை 26-ல்தான் நாடார் பெண்கள் மார்பை மூடிக் கொள்ளலாம் என்று மன்னரின் பிரகடனம் வந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு!

பகைவர்கள் ஏன் பள்ளிக்கூடத்தைக் கொளுத்தினார்கள் என்பதைச் சிந்திக்க வேண்டும். அவர்களுக்குக் கணக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரிந்தவன் வரிச்சீட்டைப் படிப்பான், மனு எழுதுவான், ஊழிய வேலைக்குக் கூலி எங்கே என்று கேட்பான். அந்தக் கேள்வி பிறக்கும் இடத்தையே சாம்பலாக்கிவிட நினைத்தார்கள். கூரை எரிந்தது. மறுபடியும் ஓலை முடைந்தார்கள், மறுபடியும் வேய்ந்தார்கள். முடைந்தவர்களும் வேய்ந்தவர்களும் அந்தந்த ஊர் உழைப்பாளிகளே. மீட் ஒருவரால் அது ஆகியிருக்காது.

அவர் 1828 அளவில் மேற்குப் பகுதிக்குப் போய் நெய்யூரில் தங்கினார். அங்கும் அதே வேலை: ஊருக்கு ஒரு கொட்டகை, கொட்டகைக்கு ஒரு வாத்தியார்.

சொந்த வீட்டில் வந்த சோதனை

ஊருக்கு உபதேசம் செய்வது எளிது. சமத்துவத்தைச் சொந்த வீட்டு வாசற்படிக்குள் கொண்டு வந்தவர் எத்தனை பேர்?

1848-ல் ஜோஹன்னா அம்மையார் மறைந்தார். சில ஆண்டுகளில் மீட் மீண்டும் மணம் செய்து கொண்டார். மணமகள் பறையர் குலத்தில் பிறந்த கிறிஸ்தவப் பெண், லோயிஸ். அவ்வளவுதான், எழுந்தது புயல். எழுப்பியவர்கள் கூரையைக் கொளுத்திய கூட்டம் அல்ல. கூடவே உழைத்த பாதிரிமார்களுக்கே அது பொறுக்கவில்லை. எல்லாரும் கடவுளின் பிள்ளைகள் என்று மேடையில் சொல்லலாம். மேசையில் பக்கத்தில் உட்கார வைக்கலாமா என்று வந்தபோது சாதியும் நிறமும் அங்கேயும் பல்லைக் காட்டின. முப்பதாண்டுக்கு மேல் தாம் வளர்த்த மிஷன் பணியை விட்டு மீட் விலக நேர்ந்தது.

மதம் மாறினால் சாதி ஒழிந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மீட் பணிந்து போகவில்லை. மனைவியோடு நின்றார். இதற்காகவே அவருக்கு நாம் தலை வணங்கலாம்.

சர்க்கார் பள்ளிக்கு

இங்கேதான் அவர் வாழ்க்கை நமக்கு வேண்டிய இடத்துக்கு வந்து சேருகிறது. மிஷன் கைவிட்டவரைச் சமஸ்தானம் அழைத்துக் கொண்டது. 1850-களின் நடுவில் அரசுப் பள்ளிகளைக் கண்காணிக்கும் பொறுப்பு மீட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அறுபது வயதைத் தாண்டிய கிழவர் திருவனந்தபுரத்துக்குப் போனார். 1817-ல் ராணியார் ஏட்டில் எழுதிய கடமையை, நாற்பதாண்டு கழித்து நடைமுறைக்குக் கொண்டு வரும் வேலையில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

அந்த வேலை எளிதாயிருந்ததா? பள்ளிகள் கொஞ்சம், பணம் அதைவிடக் கொஞ்சம். எல்லாவற்றுக்கும் மேலாக, கதவு திறக்கவில்லை. 1855-ல் அடிமை முறை ஒழிந்தது என்று பிரகடனம் வந்தது. ஆனால் நேற்றைய அடிமையின் பிள்ளைக்கு இன்றைய சர்க்கார் பள்ளியில் இடமில்லை. மிஷன் கொட்டகையில் உட்கார முடிந்த பிள்ளை அரசாங்கக் கட்டிடத்தில் நுழைய முடியவில்லை. வரி மட்டும் எல்லாரிடமும் வாங்கினார்கள்! திவான் மாதவராவ் காலத்தில், 1860-களில், தாய்மொழிப் பள்ளிகளுக்கென்று தனி இலாகா ஏற்பட்டுப் பள்ளிகள் பெருகின. கதவின் தாழ்ப்பாள் மட்டும் இளகவில்லை. 1873-ல் மீட் திருவனந்தபுரத்தில் கண்ணை மூடினார். வந்த நாளிலிருந்து ஐம்பத்தைந்து ஆண்டு. திரும்பித் தாய்நாடு போய் ஓய்வெடுக்காமல் இந்த மண்ணிலேயே கலந்தார்.

அவர் காணாத முடிவு

தாழ்ப்பாளை உடைத்தது யார்? அதிகாரி அல்ல, பாதிரியும் அல்ல. மண்வெட்டி பிடித்த கை! அய்யன்காளி என்ற புலையர் குலத் தலைவர், 1907-ல், எங்கள் பிள்ளைக்குப் பள்ளியில் இடமில்லையென்றால் உங்கள் வயலில் எங்களுக்கு வேலையில்லை என்று முடிவெடுத்தார். உழவுத் தொழிலாளர்கள் வயலில் இறங்கவில்லை. நெல் விளைய வேண்டிய இடத்தில் புல் முளைத்தது. கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்ததைப் பார்த்திருக்கிறோம்; பிள்ளையின் படிப்புக்காக வயிற்றைக் கட்டிக் கொண்டு வேலைநிறுத்தம் செய்த வரலாறு உலகத்தில் எத்தனை உண்டு? 1910-ல் பள்ளிகளைத் திறந்துவிட அரசின் உத்தரவு வந்தது. ஊருட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி கைபிடித்து அழைத்துப் போனபோது, அந்தப் பள்ளியையே கொளுத்தினார்கள். மீட் காலத்தில் ஓலைக்கூரையில் வைத்த அதே தீ! ஆனாலும் பஞ்சமி நுழைந்த கதவு மறுபடி மூடவில்லை.

பிறகு 1956 நவம்பர் 1-ல் தெற்கு எல்லைத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. காமராசர் காலத்துப் பகலுணவுத் திட்டமும் ஊர்தோறும் பள்ளி என்ற கொள்கையும் குமரிக்கும் வந்தன. 91.75 என்ற எண் இப்படித்தான் வந்தது, தோழர்களே. கொட்டகை வேய்ந்தவன், குப்பாயம் கிழிபட்டவள், வயலில் இறங்க மறுத்தவன், எல்லாரும் சேர்ந்து எழுதிய எண் அது.

நம் கடமை

இன்றைக்குக் கதவு திறந்திருக்கிறது. 2009-ல் நாடாளுமன்றம் இயற்றிய கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 முதல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. ஆனால் திறந்த கதவு வழியே பிள்ளைகள் வெளியே போகிறார்களே, அதைக் கவனித்தோமா? கல் உடைத்தும், ரப்பர் பால் வெட்டியும், கடலில் வலை வீசியும் சம்பாதித்த காசைத் தனியார் பள்ளிக்கூடத்துக் கட்டணமாகக் கட்டுகிறான் தொழிலாளி. வட்டிக்கு வாங்கியாவது கட்டுகிறான். ஏன்? அரசுப் பள்ளி தரமில்லை என்று அவன் காதில் ஓதியிருக்கிறார்கள். பிள்ளை குறைந்தால் வாத்தியார் குறைவார், வாத்தியார் குறைந்தால் பள்ளி ஒன்று மற்றொன்றோடு இணையும், பிறகு மூடும். முன்பு சாதி சாத்திய கதவை இப்போது பணம் சாத்தப் பார்க்கிறது.

குறையே இல்லை என்று நாம் வாதாடவில்லை. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்க்கும் பள்ளி உண்டு. கழிப்பறையில் தண்ணீர் வராத பள்ளி உண்டு. குறையைச் சொல்லிவிட்டு ஓடிப் போவதா, உள்ளே நின்று திருத்துவதா என்பதுதான் கேள்வி. மீட் காலத்துப் பனையேறிக்கு ஓட வழியில்லை. எரிந்த கூரையை அவன் மறுபடி வேய்ந்தான். நமக்கோ வேய்வதற்குச் சட்டமே வழி செய்திருக்கிறது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும், வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. எத்தனை ஊரில் நம் தோழர்கள் அந்தக் கூட்டத்துக்குப் போகிறார்கள்? கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புகிற குழு எத்தனை? கணக்கைக் கேட்கிற குழு எத்தனை?

கிளைக் கழகத் தோழர்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான். தேர்தல் வேலை போலவே இதையும் வேலையாக எடுத்துக் கொள்ளுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்குள் போங்கள். வாத்தியார் இடம் காலியாக இருந்தால் மனுக் கொடுங்கள். பதில் வரும் வரை விடாதீர்கள். குழுக் கூட்டத்துக்குத் தாய்மார்களை அழைத்துப் போங்கள். மீனவக் குடியிருப்பிலும் தோட்டத்து லயத்திலும் பள்ளிக்கு வராத பிள்ளை யாரென்று வீடு வீடாகப் பாருங்கள். அந்தக் காலத்தில் இரண்டு வெள்ளைக்கார அம்மையார்கள் செய்த வேலையை நம்மால் செய்ய முடியாதா? எல்லாவற்றுக்கும் முதலாக, உங்கள் சொந்தப் பிள்ளையை அந்தப் பள்ளியில் சேருங்கள். சொந்த வீட்டில் செய்யாததை ஊருக்குச் சொன்னால் யார் கேட்பார்கள்?

மீட் கட்டிய ஓலைக்கூரைகளில் ஒன்றுகூட இன்று இல்லை. அந்தக் கூரையின் கீழ் முதல் எழுத்தை எழுதியவனின் பேரனுடைய பேரன் இன்று இந்த ஏட்டைப் படித்துக் கொண்டிருக்கிறான். அவனுடைய பிள்ளை அரசுப் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறதா? அதைத்தான் நாம் கேட்கிறோம்.